ஊர்தியும் உயிர்ப்பழியும்

எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று நோன்பு ஏற்ற ஒருவர் வண்டியில் ஏறலாமா? சமண அறநூல்கள் இதற்குச் சுற்றி வளைக்காமல் விடை சொல்லியிருக்கின்றன. துறவிக்கு ஊர்தி கூடாது, நடைதான். இல்லறத்தார் ஏறலாம், ஆனால் அவர் எந்தத் தொழிலால் பிழைக்கிறார் என்பதில் கட்டுப்பாடு உண்டு. அர்த்தமாகதி மொழியில் அமைந்த உவாசகதசாவோ என்னும் ஆகமம் இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைச் சொல்கிறது. அவற்றுள் முதல் ஐந்து: கரி சுட்டும் உலை மூட்டியும் பிழைப்பது, காட்டை வெட்டி விற்பது, வண்டி செய்து விற்பது, வண்டி மாடுகளை வாடகைக்கு ஓட்டுவது, நிலத்தைத் தோண்டிப் பிளப்பது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் உலைத் தொழிலை விரிக்கும்போது இரும்பு வேலை, பொன் வேலை, பானை சுடுதல், செங்கல் சுடுதல் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவருகிறார்.

இந்த ஐந்தையும் இன்றைய பெயர்களில் சொன்னால் உலோக உருக்கு, காடழிப்பு, வாகன உற்பத்தி, போக்குவரத்து, சுரங்கம் என்று வரும். பல்கலைக்கழகப் பொறியியல் துறைகளில் நீடித்து நிலைக்கும் போக்குவரத்து என்றும், உலோகப் பிரித்தெடுப்பு என்றும் தனித்தனிக் கூடங்களில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பழைய நூல்கள் இவற்றை அடுத்தடுத்து வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சக்கரம் உருளுவதற்கு முன்பே மரம் சாய்ந்திருக்க வேண்டும், மண் பிளந்திருக்க வேண்டும், உலை எரிந்திருக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டியை மட்டும் பார்த்துப் பழியைக் கணக்கிட்டால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

சமணத்தின் அடிப்படைக் கொள்கை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது அதன் கோட்பாடு. உத்தராத்யயன சூத்திரத்தின் 36ஆம் இயல், மண்ணுடல் உயிர்களின் பட்டியலில் இரும்பு, செம்பு, தகரம், ஈயம், வெள்ளி, பொன் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நீருக்கும் நெருப்புக்கும் காற்றுக்கும் அப்படியே உயிர் உண்டு. ஆகவே, தாதுவை வெட்டி எடுப்பதும், அதைக் கரியோடு சேர்த்து எரிப்பதும், காய்ச்சிய இரும்பை நீரில் முக்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பழிகள். தாதுவில் உயிர் உண்டு என்பதை இன்று எத்தனை பேர் ஏற்பார்கள் என்பது வேறு செய்தி. ஏற்காதவருக்கும் அந்தச் சிந்தனையின் ஒழுங்கு பயன்படும். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, அது கைக்கு வருமுன் எதை எதை அழித்துக்கொண்டு வந்தது என்று பின்னோக்கிக் கேட்பதுதான் அந்த ஒழுங்கு. இன்றைய பொறியாளர்கள் ஒரு பொருளுக்குப் போடும் வாழ்நாள் கணக்கும் இதே வழியில்தான் போகிறது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிடப் பொருத்தமான நிலம் தமிழகத்தில் அரிது. நகருக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசல் குன்றின் கிழக்குச் சரிவில், ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தி, உடல் கிடக்கும் பரப்பை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்படுகிறது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்காக இளயர் என்பவர் இந்த இருக்கையைச் செய்வித்தார் என்பது அதன் செய்தி.

கருங்கல்லில் படுக்கை வெட்ட இரும்பு உளி வேண்டும். உளி கருங்கல்லில் அதிக நேரம் தாங்காது, முனை மழுங்கிவிடும். மழுங்கிய உளியைக் கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய், கரித் தணலில் காய்ச்சி, முனையை அடித்துக் கூராக்கி, தண்ணீரில் முக்கித் துவைச்சல் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்றும் கல் உடைக்கும் இடங்களில் இதுதான் வழக்கம். அதனால் அந்தப் படுக்கைகள் வெட்டப்பட்ட நாட்களில் குன்றின் அடிவாரத்திலோ அருகூரிலோ ஓர் உலை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். இரும்புக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. நகருக்குக் கிழக்கே உள்ள பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பின்னர் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. சங்க காலக் கோட்டை மதிலும் அகழியும் இன்றும் அடையாளம் தெரியும் அந்த இடத்தின் சுற்றுவட்டாரத்தில், செம்பாறையில் குடைந்த உருக்குக் குழிகளும் இரும்புக் கசடுகளும் கிடக்கின்றன.

தீ மூட்டாத துறவியின் படுக்கையைத் தீதான் செய்துகொடுத்தது. இதைச் சமண மரபு அறியாமல் இல்லை. துறவிக்கென்று தனியாகச் சமைத்த உணவையும் தனியாகக் கட்டிய உறைவிடத்தையும் அவர் ஏற்கக் கூடாது என்று கடுமையான விதி இருக்கிறது. பிறர் தமக்காகச் செய்துகொண்டதில் மிஞ்சியதையே ஏற்க வேண்டும். அந்த விதியின் முன் சித்தன்னவாசல் கல்வெட்டை வைத்தால் ஓர் இடறல் தெரிகிறது. படுக்கை இன்னாருக்காகச் செய்யப்பட்டது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறதே. விதியும் வாழ்க்கையும் எங்கே சமரசம் செய்துகொண்டன என்பதைக் காட்டும் சான்றாக அதைக் கொள்ளலாம். பழியை முழுதும் தவிர்க்க முயன்றவர்களுக்கும் உலோகம் தேவைப்பட்டது. பழி உளி பிடித்தவர் கணக்கிலும் கொல்லர் கணக்கிலும் போயிற்று.

பழியை இப்படி இடம் மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? சமணத்தின் விடை மிகவும் நுட்பமானது. ஒரு தீங்கைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் என்று வினை மூன்று வகை. மனம், மொழி, மெய் என்ற மூன்றோடும் பெருக்கினால் ஒன்பது வழி. துறவி ஒன்பது வழியையும் அடைக்க வேண்டும். இல்லறத்தாரின் நோன்பு பெரும்பாலும் செய்தல், செய்வித்தல் என்ற இரண்டோடு நிற்கும். உடன்படலைத் தவிர்ப்பது அவரால் ஆகாது என்று நூல்களே விட்டுக்கொடுக்கின்றன. இன்றைய வாகனச் சந்தைக்கு இந்தப் பாகுபாடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. புதுக்கோட்டையில் மின்சார ஸ்கூட்டர் வாங்குபவர் காங்கோவில் கோபால்ட் தோண்டுவதில்லை. தோண்டச் சொல்லி ஆள் அனுப்புவதும் இல்லை. விலை கொடுக்கிறார். அந்த விலை உடன்படலா, செய்வித்தலா என்பதுதான் கேள்வி. ஒருவர் தனியாக வாங்கும்போது அது உடன்படல் போலத் தெரிகிறது. ஓர் அரசு லட்சக்கணக்கான வண்டிகளுக்கு மானியம் அறிவிக்கும்போது அது செய்வித்தல்தான். அதை வேறு பெயரால் அழைப்பது நேர்மையாகாது.

நடப்பதும் பழியற்றதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வரும் கவுந்தியடிகள் சமணத் துறவி. புகாரிலிருந்து புறப்படும்போதே அவர் வழியின் இடர்களை எடுத்துச் சொல்கிறார். சோலை வழியே போனால் என்ன நேரும், நீர்க்கரை வழியே போனால் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபடுமே என்று தயங்குகிறார். தயங்கினாலும் நடக்கிறார். சமணத் துறவிக்குரிய நடை ஒழுக்கம் முன்னால் சில முழ தூரத்தை உற்றுப் பார்த்து அடியெடுத்து வைப்பது. தீங்கே இல்லாத நடை இல்லை என்று தெரிந்த பிறகு எஞ்சுவது கவனம்தான். அந்தக் காப்பியத்திலேயே மதுரைக்குப் போகும் பாதை மூன்றாகக் கிளைக்கும் இடம் கொடும்பை. அது விராலிமலைக்குத் தெற்கே உள்ள இன்றைய கொடும்பாளூர், இருக்குவேளிரின் மூவர் கோயில் நிற்கும் ஊர். ஒரு கிளைவழியில் நினைத்ததெல்லாம் தரும் பொய்கையும் உண்டு என்று எதிரே வந்த அந்தணர் ஆசை காட்டுகிறார். கவுந்தி அதை மறுத்து நடந்தே போகிறார். எல்லாச் சிக்கலையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடும் என்று அறிவிக்கப்படும் எந்தப் புதிய ஊர்தியைப் பற்றியும் இந்த மறுப்பு நினைவில் நிற்க வேண்டியது.

வைதிக மரபு இதே கேள்விக்கு வேறு பக்கமிருந்து வந்தது. நெருப்பைப் புகை சூழ்வதுபோல எல்லாச் செயலையும் குற்றம் சூழ்ந்திருக்கிறது, அதற்காகத் தனக்குரிய செயலை விடலாகாது என்பது கீதையின் 18ஆம் இயலில் வரும் கருத்து. மனுவின் நூல் ஒரு வீட்டிலேயே ஐந்து கொலைக்களங்களைக் காண்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம். அவற்றின் கடனைத் தீர்க்க அன்றாடம் ஐந்து வேள்விகள் விதிக்கப்பட்டன. ஆயுத பூசையன்று பட்டறையில் சுத்தியலுக்கும் துருத்திக்கும், பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கும் பொட்டு வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் வழக்கத்தில் இந்த எண்ணத்தின் மக்கள் வடிவம் இருக்கிறது. கருவியிடம் மனிதன் கடன்பட்டிருக்கிறான் என்ற ஒப்புதல் அது. அழகான ஒப்புதல்தான். ஆனால் கடன் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. தொகை எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்தத் தொகையைச் சொல்வது இன்று பொறியியலின் வேலை.

இரும்பிலிருந்து தொடங்கலாம். தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது. பிணைப்பை அறுத்து ஆக்சிஜனை வெளியேற்றினால்தான் உலோகம் கிடைக்கும். பழங்கால உலையில் மரக்கரி இரண்டு வேலை செய்தது. எரிந்து சூட்டைக் கொடுத்தது; ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறியது. இன்றைய ஊதுலையில் மரக்கரியின் இடத்தில் கல்கரி. அடிப்படை வேதியியல் மாறவில்லை. உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 190 கோடி டன் உருக்கு செய்கிறது; ஒரு டன்னுக்குச் சராசரியாக 2 டன் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. மனிதச் செயலால் உண்டாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு இந்த ஒரு தொழிலுடையது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு ஆக்சிஜனைப் பிரித்தால் புகைபோக்கியில் வெளியேறுவது நீராவி. அதற்கான ஆய்வுகளும் முன்னோட்ட ஆலைகளும் பல நாடுகளில் நடக்கின்றன. ஆனால் ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் நிலக்கரியில் வந்தால் பழி உலையிலிருந்து மின்நிலையத்துக்கு இடம் பெயரும், அவ்வளவே.

அலுமினியத்தின் கதை இன்னும் தெளிவானது. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து மின்பகுப்பால் பிரிக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் அதில் சுமார் 5 விழுக்காடு ஆற்றலே போதும். வண்டியின் எடையைக் குறைத்தால் ஓட்டச் செலவு குறையும் என்று இரும்புக்குப் பதில் அலுமினியமோ மெக்னீசியமோ போடும்போது, ஓட்டத்தில் மிச்சமாகும் ஆற்றல் உலையில் கூடுதலாகச் செலவான ஆற்றலை எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் ஈடுகட்டும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. குறைவாக ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு நேராகாமலே போகலாம்.

இந்த வகை ஆய்வுக்கு நாட்டிலேயே முதன்மையான நிறுவனங்களுள் ஒன்று புதுக்கோட்டையின் எல்லையைத் தாண்டியதும் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இந்திய மெய்யியலை உலகுக்கு எடுத்துச் சொன்ன பேராசிரியரின் கையால் ஒரு மின்வேதியியல் கூடம் திறக்கப்பட்டது பொருத்தமான நிகழ்வு. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். வளாகத்திலேயே வேதி மற்றும் மின்வேதித் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பொறியியல் படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்போடு நடக்கிறது. மறுபுறம் திருச்சியில் 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக இருக்கும் நிறுவனத்தில் உலோகவியல் துறை இயங்குகிறது. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டுமே பேருந்து தூரம்.

காரைக்குடி ஆய்வகத்தின் இரண்டு முதன்மைப் பணிகள் உலோகத்தை மின்சாரத்தால் பிரித்தெடுப்பதும், மின்கலங்களை உருவாக்குவதும். இரண்டும் ஒரே வினையின் இரு திசைகள்: ஒன்றில் மின்சாரம் செலவாகி உலோகம் பிறக்கிறது, மற்றதில் உலோகம் தன் நிலை மாறி மின்சாரம் தருகிறது. மூன்றாவது பணி அரிமானத் தடுப்பு, அதாவது துருவை நிறுத்துவது. இதற்காக மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்றில் உலோகத் தகடுகளை வைத்துச் சோதிக்கும் நிலையமும் உண்டு. மின்கல ஆய்வுக்குக் கிடைக்கும் புகழ் துரு ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. அறத்தின் கண்ணால் பார்த்தால் வரிசையை மாற்ற வேண்டும். துருப்பிடித்து உதிரும் ஒவ்வொரு கிலோ இரும்புக்கும் ஈடாக எங்கோ ஓரிடத்தில் மண் மறுபடி பிளக்கப்படுகிறது. ஒரு பாலத்தின் ஆயுளை 20 ஆண்டு கூட்டும் பூச்சு, புதிதாகத் தோண்ட வேண்டியதைத் தள்ளிப்போடுகிறது. உலோக அறிவியலில் கொல்லாமைக்கு மிக நெருக்கமான பகுதி அதுவே.

மின்கலத்தில் பழியின் இடப்பெயர்ச்சி மிகக் கூர்மையாகத் தெரிகிறது. பெட்ரோல் வண்டியின் புகை அதை ஓட்டும் ஊரின் மேலேயே படிகிறது. மின் வண்டி ஓடும் தெரு சுத்தமாக இருக்கிறது. அது பெரிய நன்மை, ஆஸ்துமாக் குழந்தை உள்ள வீட்டில் கேட்டால் தெரியும். ஆனால் லித்தியத்துக்காகச் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உப்புநீர் இறைக்கப்படுகிறது. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோவில் தோண்டப்படுகிறது. அதில் ஒரு பகுதியை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கையால் குழி தோண்டி எடுப்பவர்களில் சிறுவர்களும் உண்டு. நிக்கலுக்காக இந்தோனேசியத் தீவுகளில் காடு விழுகிறது. மொத்தக் கரியமில வாயுவைக் கூட்டினால் மின் வண்டியே பெரும்பாலும் குறைவாக வருகிறது. கூட்டுத்தொகை குறைந்தது என்பதால் தொலைவில் உள்ளவர் சுமக்கும் பங்கு நியாயமாகிவிடாது. கூட்டுத்தொகை ஒரு கேள்வி. பங்கீடு வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பொறியியல் விடை தர முடியும். இரண்டாவதற்கு அறம்தான் விடை சொல்ல வேண்டும். பொறியியல் செய்யக்கூடியது, யார் எவ்வளவு சுமக்கிறார் என்பதை மறைக்காமல் எடுத்துக் காட்டுவது.

திறமையான வண்டி கிடைத்தால் மனிதன் குறைவாகச் செலவழிப்பான் என்று எதிர்பார்ப்பதும் தவறிப்போகிறது. 1865இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் நிலக்கரி பற்றி எழுதிய நூலில் இதைக் கவனித்தார். நீராவி எந்திரத்தின் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவு நாட்டளவில் ஏறியதே தவிர இறங்கவில்லை. மலிவாகிப் போனதால் பயன்பாடு பெருகிவிட்டது. லிட்டருக்கு அதிகம் ஓடும் வண்டி கையில் இருந்தால் போகாத ஊருக்கெல்லாம் போகத் தோன்றும். பொறியியலின் கருவிப்பெட்டியில் இதற்கு மருந்து கிடையாது.

அந்த மருந்து சமண இல்லற நூல்களில் கிடைக்கிறது. இல்லறத்தார் ஏற்கும் குணவிரதங்களுள் முதலாவது திசை நோன்பு. நான்கு திசையிலும் இன்ன ஆறு வரை, இன்ன மலை வரை, இத்தனை யோசனை தூரம் வரையே போவேன் என்று வாழ்நாளுக்கு எல்லை வகுத்துக்கொள்வது. அந்த எல்லைக்குள்ளேயே நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ இன்னும் சுருக்கிக்கொள்வது தேச நோன்பு. சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இவற்றுக்கு இடம் உண்டு. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களைப் பொறுத்தவரை அந்த இல்லறத்தார் துறவியின் நிலையை எய்துகிறார் என்பது இதன் விளக்கம். ஊர்தி எதனால் ஆனது என்பதை விட்டுவிட்டு எத்தனை தூரம் என்று கேட்ட அறநூல்கள் மிகக் குறைவு. இன்றைய மொழியில் இது பள்ளி எங்கே, ரேஷன் கடை எங்கே, மருத்துவமனை எங்கே என்ற ஊர்த் திட்டக் கேள்வி. பக்கத்திலேயே இருக்க வேண்டியதைத் தொலைவில் வைத்துவிட்டு, அங்கே போவதற்குத் தூய வண்டி தேடுவது தலைகீழான வேலை.

ஆனால் எல்லை வகுக்கும் நோன்பை யாரிடம் சொல்வது? இங்கேதான் புதுக்கோட்டையின் சைக்கிள் வரலாறு தத்துவத்தைத் திருத்துகிறது. 1991இல் அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுவதும் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையும் அதன் பகுதியாக்கினார். இயக்கத்தின் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது என்பது உடனடிக் காரணம். அது தொண்டர்களோடு நிற்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்கள், கல்குவாரியில் உடைக்கும் பெண்கள், பால்வாடி ஊழியர்கள், நகைக்கல் பட்டை தீட்டுபவர்கள், பள்ளி ஆசிரியைகள் என எல்லோரும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள்; அதில் ஒரு வசதியையும் கண்டுகொண்டார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின் கேரியரில் தண்ணீர்க்குடம். முன்னால் பிள்ளை, பின்னால் குடம் என்று ஒரு பெண் தானே மிதித்துப் போனது அன்றைய கிராமத்துக்குப் புதிய காட்சி. கேலி பேச்சு இல்லாமல் இல்லை. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள்.

இந்தச் சைக்கிளின் உலோகக் கணக்கு எளியது. சாதாரண சைக்கிள் சுமார் 20 கிலோ, பெரும்பகுதி உருக்கு. ஒரு டன் உருக்கில் ஏறக்குறைய 50 சைக்கிள். ஒரே ஒரு சிறு காரின் எடை ஏறக்குறைய அதே ஒரு டன். அந்த டன்னின் பழி ஒரு குடும்பத்தின் வசதிக்கா, 50 பெண்களின் நடமாட்டத்துக்கா என்று கேட்டால் விடை சொல்லத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. விளைவுகளும் அப்படி. பேருந்துக்காக நின்ற நேரம் மிச்சமானது. விளைந்ததைக் கூடுதல் ஊர்களில் விற்க முடிந்தது. தகப்பனையோ கணவனையோ கொண்டுபோய் விடச் சொல்லிக் காத்திருக்கும் நிலை மாறியது. அதே ஆண்டுகளில் கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டதால், கொத்தடிமை போல உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். பாறை பிளக்கும் தொழில் 15 விலக்குத் தொழில்களின் பட்டியலில் ஐந்தாவது. அந்தப் பெண்களுக்கு அதுவே விடுதலையின் வழியாயிற்று. எந்தத் தொழில் என்று மட்டும் பார்த்து, அதில் யார் யாருக்கு அடிமை என்று பார்க்காத அறம் குறைபட்டது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

உடைமைக்கு எல்லை வகுக்கும் பொருள்வரைதல் நோன்பு உடைமை மிகுந்தவருக்கே. திசை நோன்பும் ஊர் ஊராகச் சுற்றி வாணிகம் செய்தவரை மனத்தில் கொண்டதே. ஊரைத் தாண்டவே வழியில்லாதிருந்த பெண்ணுக்குத் தேவைப்பட்டது எல்லை அல்ல, இரும்பு. 20 கிலோ இரும்பு. உலகின் உலோகப் பழியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சில் இந்த வேறுபாடு மறந்துபோனால், மிகுதியாக எரித்தவர்கள் எரிக்கவே வாய்ப்பில்லாதவர்களுக்கு நோன்பு போதிக்கும் அநியாயம் வந்துவிடும்.

சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஆகாது. பிரசவ வலி கண்டவரை ஆலங்குடியிலிருந்தோ கறம்பக்குடியிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும், கீரமங்கலத்துப் பூவை வாடுமுன் சந்தைக்கு அனுப்பவும் எந்திர ஊர்தி வேண்டும். அங்கே உலோகக் கேள்வி திரும்ப வருகிறது. அதற்குச் சமண நூல்களின் பொருள்வரைதல் ஒரு வழி காட்டுகிறது. மண்ணைப் பிளந்த பழி ஒருமுறை நேர்ந்துவிட்டது. எடுத்த உலோகத்தைக் குப்பையில் எறிந்தால் அதே பழியை மறுபடி செய்ய வேண்டிவரும். எடுத்ததைச் சுற்றில் வைத்திருப்பது தொடக்கத்தில் பட்ட கடனுக்குச் செய்யும் மரியாதை. காயலான் கடைக்காரர்கள் இந்த மரியாதையை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்; அறநூல் எதுவும் அவர்களைப் பாராட்டியதில்லை.

மின்கல மீட்பில் அந்தச் சுற்று இன்னும் இறுகவில்லை. தீர்ந்த லித்தியம் மின்கலத்தை நொறுக்கினால் கரும்பொடி கிடைக்கிறது; அதை அமிலத்தில் கரைத்து, கரைசலிலிருந்து கோபால்ட், நிக்கல், லித்தியம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். அமிலமும் கழிவுநீரும் உண்டு. கொல்லைப்புறத்தில் பழைய ஈய பேட்டரியை உடைத்து உருக்கினால் சுற்றியுள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறுவதுபோல, மீட்பும் முறைகெட்டால் கொல்லும். இன்னொரு முரணும் இருக்கிறது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் இப்போது பரவிவருகின்றன. தோண்டும்போது அவற்றின் பழி குறைவு. ஆனால் உள்ளே விலைமிக்க உலோகம் இல்லாததால் பழையதை எடுக்க ஆள் வருவதில்லை. மீட்கும் செலவு கிடைக்கும் பொருளைவிட மிகுந்துவிடுகிறது. சந்தை விலை கைவிடும் இடத்தில் கடமையை யார் தலையில் வைப்பது என்பதற்கு இந்தியா சட்டத்தால் விடை சொல்ல முற்பட்டிருக்கிறது. 2022இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமே வைக்கின்றன. மின் வண்டிக்கான புதிய மின்கலத்தில் 2027-28இல் 5 விழுக்காடும், படிப்படியாக ஏறி 2030-31இல் 20 விழுக்காடும் மீட்கப்பட்ட பொருள் இருக்க வேண்டும் என்கின்றன. மீதி 80 விழுக்காடு அப்போதும் மண்ணிலிருந்து வரலாம். அதைக் குறைக்கும் வழி ஆய்வகத்தில் ஒரு பாதியும், எத்தனை வண்டி, எத்தனை தூரம் என்று ஒரு சமூகம் தனக்கு வகுத்துக்கொள்ளும் எல்லையில் மறு பாதியுமாக இருக்கிறது.